பின்சுவர் யன்னல்

மகன்,

புது வீட்டுக்கென்று நீ அனுப்பிய யன்னல் படங்கள் வந்து மூன்று கிழமையாகிறது. அப்பா பதில் போடவில்லை என்று உன் அம்மாவிடம் இரண்டு தரம் குறைப்பட்டிருக்கிறாய். போனில் பேசினால் நீ வேலைக்கு நடுவில் நின்றுதான் கேட்கிறாய். நான் ஒன்றைத் தொடங்கி முடிப்பதற்குள் "அப்பா, சுருக்கமாச் சொல்லுங்க" என்பாய். சுருக்கமாகச் சொல்லக்கூடிய காரியமென்றால் நான் இத்தனை நாள் படுத்துக் கிடந்து யோசித்திருக்க மாட்டேன். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. கச்சான் காற்று வீட்டுக்குள் புழுதியைக் கொட்டுகிறது. பகலில் கொஞ்சம் கண்ணயரலாமென்றால் அதுவும் முடியவில்லை. எழுதவாவது செய்வோம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆறுதலாக வாசி. நீ வாசித்த பிறகு வேறு யார் வாசித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. மகனைக் கட்டிக்கொடுக்கிற மற்றத் தகப்பன்மாருக்கும் உதவினால் உதவட்டும்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடமாகக் கனடாவில் யன்னல் பூட்டுகிற வேலை செய்து கை காய்த்தவன் நீ. சிங்கிள் ஹங் என்று நீ சொல்லும் யன்னல், மேல்பாதிக் கண்ணாடி அசையாமல் நிற்கக் கீழ்ப்பாதியை மட்டும் மேலே தள்ளித் திறப்பது, எனக்கும் புதிதல்ல. முப்பத்தொரு வருடம் ரயில் கோச்சியில் கார்டாக இருந்தவனுக்குத் தூக்கித் திறக்கிற யன்னலைப் பற்றி நீ பாடம் எடுக்கத் தேவையில்லை. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்புவதற்குள் யாராவது ஒருவர் கொக்கியைச் சரியாக மாட்டாமல் விட்டு, யன்னல் சடக்கென்று விழுந்து, நசுங்கிய விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வருவார். கொக்கியை மாட்டாதவர் அவர், ஏச்சு வாங்குகிறவன் நான். உன்னுடைய யன்னல் அப்படி விழாது, உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, விட்ட இடத்தில் நிற்கும் என்கிறாய். சரி, நம்புகிறேன்.

அதற்கு நல்ல குணங்களும் உண்டு. வெளியே விரியாததால் யன்னலோரம் நடப்பவரின் தலையில் இடிக்காது. கச்சானில் படார் படார் என்று அடித்துக்கொள்ளாது. நுளம்பு வராமல் வலையை வெளிப்பக்கமாகப் பூட்டி அப்படியே விட்டுவிடலாம். மாரியில் வாடைச் சாரல் அடித்தாலும் ஒரு சாண் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாலடி உயர யன்னல் வைத்தால் இரண்டடிக்குத்தான் காற்று வரும் என்பது உனக்கும் தெரியும். சூடு மேலே ஏறி நிற்கும், நீ திறப்பதோ கீழ்ப்பக்கம். குளிர் தேசத்தில் சூடு உள்ளே நிற்பது நல்லது. இங்கே ஆனி ஆடியில் அது நம்மை அவித்து எடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு யன்னலுக்கும் மேலே சுவரில் காற்றுப் போக வழி விடச் சொல்லு. யன்னலின் அடிப்பக்கம் கட்டில் மட்டத்துக்கு இறங்கட்டும், படுத்திருப்பவர்மேல் காற்று விழட்டும். வாவிக் காற்றில் உப்பு இருக்கிறது, நம்முடைய ஊரில் மணலுக்கும் பஞ்சமில்லை. யன்னல் ஏறி இறங்குகிற பக்கத் தவாளிப்பில் மணல் நிறைந்தால் பிறகு தள்ளுவதற்கு ஆள் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங் துருப்பிடித்தால் மாற்றுச் சாமான் வீடு எழும்பும் செங்கலடியில் கிடையாது, நீ வரும்போது பெட்டியில் சட்டை துணியைக் குறைத்து ஸ்பிரிங் கொண்டுவா. யன்னலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இது மட்டுமென்றால் போனிலேயே சொல்லியிருப்பேன்.

நீ எனக்கு அனுப்பிய படங்களை உன் மாமனாராகப் போகிற தர்ஷினியின் அப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறாய். வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். அந்த மனிதர் இரண்டையும் ஒரே ஆவணிக்குள் செய்து முடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார். நம்முடைய பக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போவதும், மாப்பிள்ளை அங்கே குடிபோவதும், பெற்றவர்கள் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவதும் நான் சொல்லி நீ அறிய வேண்டியதில்லை. போன வெள்ளிக்கிழமை அவர் எனக்குப் போனில் கோல் எடுத்தார். "சம்மந்தி, மருமகன் கேட்ட மாதிரி யன்னல் ஒண்டு கடையில செஞ்சு வச்சிருக்காங்களாம். ஒருக்கா வாங்க, பாத்துட்டு வருவம்" என்றார். செங்கலடிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கினேன். அவரும் தர்ஷினியும் எனக்காக வெயிலில் நின்றார்கள். அவள் கம்பஸ் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அலுமினியக் கடைக்காரன் யன்னலைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒரு விரலால் தள்ளி ஏற்றிக் காட்டினான். பிறகு தர்ஷினியின் அப்பாவைத் தள்ளிப் பார்க்கச் சொன்னான். நெல் மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் விட்டுப்போன மனிதர் அவர், கை நெஞ்சுக்கு மேலே ஏறாது. இடது கையால் தள்ளினார், யன்னல் ஒரு பக்கம் சரிந்து இறுகி நின்றுவிட்டது. மறுபடி தள்ளினார். பிறகு சிரித்துக்கொண்டு, "எனக்கு ஏலாது தம்பி, இது படிச்ச யன்னல்" என்றார். கடைக்காரனும் சிரித்தான், நானும் சிரித்தேன். வெளியே வந்து அவர் பைசிக்கிளை எடுக்கப் போன நேரம் நான் தர்ஷினியிடம், "புள்ள, அப்பாவுக்குக் கஷ்டமா இருக்கும் போல" என்றேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அவர் திறக்கப்போற யன்னல் இல்லத்தானே மாமா. ஆவணிக்குப் பிறகு அவருக்கு அந்த வீட்டில என்ன வேலை?"

நீ கட்டப்போகும் பெண் உன்னிடம் இதைச் சொல்ல மாட்டாள். உன்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள், சிரிக்கிறாள், படங்களுக்கெல்லாம் நல்லம் நல்லம் என்று பதில் போடுகிறாள் என்பாய். உன் அம்மாவும் எனக்கு அப்படித்தான் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னாள்.

கடையிலிருந்து அப்படியே வீடு பார்க்கப் போனோம். சுவர்கள் யன்னல் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டன. மாமரத்தடியில் சாக்கால் மூடிச் சில யன்னல்கள் அடுக்கிக் கிடந்தன. நான் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். எட்டு முதிரை மர யன்னல், இரட்டைக் கதவு, கம்பியெல்லாம் போட்டு முடித்திருந்தது. நீ படம் அனுப்புவதற்கு முன்னமே தச்சனை வளவிலேயே இருத்திச் செய்வித்தவை. "அதுகள் பின்வீட்டுக்கு ஆகும் சம்மந்தி, மூண்டு காணும். மிச்சத்தை ஆரும் கேட்டாக் குடுப்பம்" என்றார் அவர். முறைப்பாடு மாதிரியும் இல்லை, பெருமை மாதிரியும் இல்லை. பிறகு உங்கள் படுக்கையறையைக் காட்டினார். அதன் பின்சுவரில் ஒரு யன்னலுக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடைவெளியால் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி அவர்களுடைய பின்வீட்டு அத்திவாரம் தெரிந்தது. அந்த இடைவெளிக்குக் கீழே செங்கல் குவித்திருந்தார்கள். "இது மட்டும் அடைக்கோணும். மருமகன் படத்தில இந்தப் பக்கம் யன்னல் வேணாமெண்டு போட்டிருக்கார். வியாழக்கிழமை மேசன் வருவான்" என்றார்.

நீ கீறிய வீட்டுப் படத்தை நானும் பார்த்தேன். அந்தச் சுவரில் ஏசி பூட்டக் கோடு போட்டிருக்கிறாய். பின்வீடு தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறாய். அது பிழையென்று எனக்கு உடனே தெரிந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. தேத்தண்ணி குடித்தேன், பஸ் ஏறினேன், நம்முடைய பழுகாமத்துக்கு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்று உன் அம்மா கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு இந்த வளவுக்கு வந்தபோது உன் பெத்தப்பா, அதாவது உன் அம்மாவின் தகப்பன், இந்த வீட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒற்றை அறைக்குப் போனார். மாமி அப்போதே இல்லை. எங்கள் அறையின் பின்சுவரில் ஒரு யன்னல் இருந்தது. காலையில் வாவியில் வலை வீசிவிட்டு வருவார். ஓலைப்பெட்டியில் நாலு மீனை அந்த யன்னலால் மகளிடம் நீட்டுவார். தேத்தண்ணி அந்த யன்னலால்தான் அவருக்குப் போகும். முன்வாசலால் வந்தால் படியடியில் நின்று, விருந்துக்கு வந்தவர்போலச் செருமிக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார். "குடுத்த வீட்டுக்குள்ள குடுத்தவன் கூப்பிடாமப் போகப்படாது" என்பது அவருடைய சட்டம். யன்னலுக்கு அந்தச் சட்டம் இல்லை. யன்னலடியில் அவர் தகப்பனாகவே நிற்கலாம்.

நான் இரவுக் கோச்சியில் வந்து காலையில் படுக்கிறவன். கண்ணை மூடும்போது அவர் வந்து மகளிடம் வயல் கதை, வட்டை நெல்லுக்குத் தண்ணீர் பாய்ந்த கதையெல்லாம் சொல்வார். மெதுவாகத்தான் பேசுவார். உண்மையைச் சொன்னால் நித்திரை ஒரு சாட்டு. புது மாப்பிள்ளை, அரசாங்க உத்தியோகம், எனக்கு வந்த வீட்டில் இன்னொருவருக்கு இன்னும் உரிமை இருக்கிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் நேரே சொல்லத் தைரியமில்லை. உன் அம்மாவிடம், "அந்த யன்னலை அடைச்சா நல்லம், எனக்கு நித்திரை இல்ல" என்றேன். அவள் ஓம் என்றாள். நான் டியூட்டிக்குப் போய் இரண்டு நாளில் திரும்பினேன். சுவர் அடைத்து, சாந்து பூசி, வெள்ளையும் அடித்திருந்தது. மேசனைப் பிடிக்கவில்லை, மாமாவே தனியாகக் கல் வைத்திருக்கிறார். அன்று பின்னேரம் என்னைக் கண்டபோது, "இப்ப நித்திரை வருகுதா மனே?" என்று கேட்டார். குத்திக் கேட்டிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். அந்த மனிதர் உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் மீன் கொண்டுவருவது குறைந்தது. நான் வீட்டில் நிற்கும் நாட்களில் முன்பக்கம் வருவதே இல்லை. உன் அக்கா கைக்குழந்தையாக இருந்த மாரியில், ஒரு நாள் காலை, பின்வீட்டு வாசலில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. உன் அம்மா அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டில் மழை கொட்டுகிற சத்தம். மத்தியானம் சோற்றை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனபோதுதான் கண்டாள். அவ்வளவு நேரமும் சேற்றில் கிடந்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய், "ஏன் மாமா கூப்பிடல்ல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கூப்பிட்டன் மனே. அஞ்சாறு தரம் கூப்பிட்டன். சுவருக்கு அங்கால கேக்கல்ல போல" என்றார். உன் அம்மா கட்டிலின் மறுபக்கம் நின்றாள். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர் பிறகு இரண்டு வருடம் பொல்லூன்றி நடந்துதான் செத்தார். அந்தச் சுவரைப் பற்றி உன் அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு இந்த அலுப்பு இருந்திருக்காது. குற்றம் சாட்டாதவர்களோடு சீவிப்பது லேசு என்று நினைக்காதே, மகன்.

உன் அக்காவின் கலியாணத்தோடு வீடு அவளுக்குப் போய், ஆறு வருடமாக நானும் அம்மாவும் பின்வீட்டில் இருக்கிறோம். உன் அத்தான் தங்கமான பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது. நான் படுக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அந்த அடைத்த இடம்தான் தெரிகிறது. மழை பெய்தால் அந்த அளவு மட்டும் ஈரத்தில் கறுத்துப் போகும். போன மாதம் அம்மா கோயிலுக்குப் போன நேரம் எனக்கு ரத்தத்தில் சீனி இறங்கி, கை நடுங்கி, எழும்ப முடியாமல் போய்விட்டது. பதினைந்து அடி தூரத்தில் இருக்கிற மகளுக்குப் போனில் கோல் எடுத்தேன். அவளுடைய போன் வேறு அறையில் சார்ஜில் கிடந்திருக்கிறது. அம்மா வந்து சீனித்தண்ணி தந்தாள். போன் இருக்குத்தானே அப்பா என்று நீ சொல்வாய் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சுவரை உடைத்து யன்னலை வையுங்கள் என்று அத்தானிடம் சொன்னால் ஒரு கிழமையில் செய்துவிடுவான். எனக்குத்தான் வாய் வரவில்லை. அடைக்கச் சொன்ன வாய்க்குத் திறக்கச் சொல்ல என்ன முகம்?

ஆகையால் முன்னறைகளுக்கு நீ விரும்பிய யன்னலைப் போடு. அதையும் தர்ஷினியிடம் "நல்லமா" என்று கேட்காதே, "நீ எதைப் போடுவாய்" என்று கேள். இரண்டுக்கும் பதில் வேறு வேறாக வரும். யன்னலைத் தெரிவு செய்கிறவன் அதைத் திறக்கப் போகிறவனின் கையைப் பார்க்க வேண்டும். தள்ளுகிற கை எது, எவ்வளவு ஏறும், எந்தப் பக்கம் நின்று தள்ளும் என்று பார்க்க வேண்டும். உனக்கு வேலையில் இதைச் சொல்லித்தந்திருப்பார்கள். வீட்டில் நான் சொல்லித் தரவில்லை, அது என் பிழை.

இன்று வியாழக்கிழமை. விடியவே பஸ் ஏறிச் செங்கலடிக்குப் போனேன். நான் போகும்போது மேசன் அந்த இடைவெளியில் இரண்டு வரி கல் வைத்துவிட்டான். நான் தர்ஷினியின் அப்பாவைக் கூப்பிட்டு, "நிப்பாட்டச் சொல்லுங்க சம்மந்தி. மகன் நேத்துக் கதைச்சவன். மற்றதுகளுக்கு அந்தப் புது யன்னலாம், இந்தப் பின்சுவருக்கு மட்டும் நீங்க செஞ்ச முதிரை யன்னலையே வைக்கச் சொன்னவன்" என்றேன். நீ நேற்று என்னோடு பேசவே இல்லை. இந்த வயதில், கூசாமல், உன் பெயரில் பொய் சொன்னேன். உன் பிழை என்று சொல்லித் திருத்தியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அந்த மனிதர் உன்னை மன்னித்துவிடுவார், மன்னிக்கப்பட்டவனாக நீ அந்த வீட்டில் வாழ வேண்டி வரும். அது என்ன வாழ்க்கை என்று எனக்குத் தெரியும்.

"வெளிநாட்டுப் பிள்ளைக்கு இது எப்படித் தெரிஞ்ச?" என்று கேட்டார் தர்ஷினியின் அப்பா. பிறகு அடுப்படியில் நின்ற மனிசியைச் சத்தமாகக் கூப்பிட்டு, "இஞ்ச வந்து கேளு, மருமகன் என்ன சொல்லியிருக்காரெண்டு" என்றார். அந்த அம்மா வந்து கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மேசன் கல்லைத் தட்டப் போனான், அவர் விடவில்லை. ஈரம் காயாத கல்லை ஒவ்வொன்றாகத் தானே இடது கையால் எடுத்து, சாந்தை வழித்து, நிலத்தில் அடுக்கினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தேத்தண்ணி கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இதை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து இப்போதே அனுப்புகிறேன், வேலை முடிந்ததும் வாசித்துவிடு. அவர் ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கோல் எடுக்கப் போகிறாராம். மருமகனுக்கு நேரே ஒரு சொல் சொல்ல வேண்டுமாம். அவர் அந்த யன்னலைப் பற்றித் தொடங்கும்போது, எந்த யன்னல் என்று கேட்டுவிடாதே.

அப்பா